மூன்றாம் தலைமுறையிலும் நிலத் தொழில்: குமரிக் குடும்பங்களுக்குச் சில வழிமுறைகள்

குமரி மாவட்டத்தில் நிலம் வாங்கி விற்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் தோல்பையும் அவர் தலைக்குள் இருக்கும் கணக்கும்தான் கம்பெனி. அவர் ஓடியாடும்வரை எல்லாம் நடக்கும். பிள்ளைகள் படித்து முடித்து, "நாமும் இதிலேயே இறங்கிவிடலாமா" என்று யோசிக்கும்போதுதான் எதை எங்கிருந்து பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அப்படி நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, தக்கலைப் பக்கம் நிலத் தரகு பார்த்தவர். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதன்பிறகு மலையாளத்தில் எழுதிய பிரமாணத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, படித்துத் தமிழில் சொல்லத் தெரிந்த ஆளுக்குத் தேவை கூடிப்போனது. பாட்டாவுக்கு இரண்டு எழுத்தும் தெரியும். அவர் போட்ட முதல் அதுதான். அப்பா எண்பதுகளில், வளைகுடாப் பணம் ஊருக்குள் வரத் தொடங்கிய காலத்தில், தரகோடு நிற்காமல் விளைகளை (தோட்ட நிலங்களை) வாங்கி மனை பிரித்து விற்றார். இப்போது நானும் சித்தப்பா மகனும் நடத்துகிறோம். பலகை மாட்டியதும் கணக்குப்பிள்ளை வைத்ததும் எங்கள் காலத்தில்தான்.

நிலத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நிலம் இல்லை. நிலம் சரக்கு, விற்றால் போய்விடும். எந்த நிலத்துக்கு என்ன கதை என்ற விவரமும், வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற தெளிவும்தான் மிஞ்சுகிறவை. இரண்டும் எழுத்தில் இல்லாத வீடுகளில் பெரியவர் படுக்கையில் விழுந்த வாரமே தொழில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மனை விற்கும் உத்தியைப் பற்றிக் குறைவாகவும் இந்த இரண்டைப் பற்றிக் கூடுதலாகவும் பேசப்போகிறேன்.

பெரியவரின் நினைவைக் காகிதத்தில் இறக்குங்கள்

முதல் வேலை இதுதான். அப்பாவோ பாட்டாவோ கைவைத்த ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கோப்பு போடுங்கள். விற்றுப்போன நிலம்தானே என்று விடாதீர்கள். இருபது வருஷம் கழித்து அதே மனை மறுபடியும் விற்பனைக்கு வரும்போது வாங்குபவர் உங்களைத் தேடித்தான் வருவார். கோப்பில் மூலப்பிரமாணத்தின் நகல், முன் ஆவணங்கள், பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று இருக்கட்டும். கூடவே ஒரு தாளில் பெரியவர் சொல்லும் கதையை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். யார் யாரிடம் வாங்கினார், அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், கிழக்கு எல்லையில் கையாலை (எல்லைச் சுவர்) யார் போட்டது, எந்தப் பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லை. இவையெல்லாம் எந்தப் பதிவு அலுவலகத்திலும் கிடைக்காது. செல்போனில் குரலைப் பதிவு செய்து பிறகு எழுதுவது சுலபம். எங்கள் அப்பா மதியம் சாப்பிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் தானாகப் பேசுவார். அந்த நேரம் பார்த்துப் பிடிப்பேன்.

நம் மாவட்டத்துப் பழைய பிரமாணங்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. சென்னையிலிருந்து வரும் வக்கீல்கள்கூட இதில் திணறுவார்கள்.

ஒன்று, எழுத்து. பழைய பிரமாணங்களில் பெரும்பகுதி மலையாள எழுத்தில் இருக்கும். குடும்பத்தில் ஒரு பிள்ளையாவது மலையாளம் வாசிக்கப் பழகவேண்டும். அச்செழுத்து மட்டும் போதாது, கையெழுத்தும் படிக்க வரவேண்டும். பாட்டா எனக்குப் பழைய பிரமாணங்களை வைத்தே சொல்லிக்கொடுத்தார். கூலிக்குப் படிக்க ஆள் கிடைக்கும், ஆனால் அவர் எந்த வரியை விட்டுவிட்டுப் படித்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, தேதி. கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டில், எழுதியிருப்பார்கள். அதன் புத்தாண்டு ஆவணியில், சிங்ஙம் முதல் தேதியில் பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் கடைசி வரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. கொல்லம் 1120 சிங்ஙத்தில் எழுதிய பிரமாணம் என்றால் அது 1944. ஒரு வருஷம் பிசகினால் வில்லங்கம் தேடுவதே வேறு புத்தகத்துக்குப் போய்விடும்.

அப்புறம் அளவு. வயல் என்றால் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று விதையளவில் இருக்கும். சர்வே எண்ணும் பழைய திருவிதாங்கூர் எண்ணாக இருக்கும். அதற்கு நிகரான ரீசர்வே (மறு அளவை) எண் எது, உட்பிரிவு எது என்று தாலுகா அலுவலகத்தில் ஒப்பீடு வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். இன்றைய பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த இரண்டு எண்ணும் நம் தொழிலில் இருக்கிற பிள்ளைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒற்றிக்குத்தான், அதாவது கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பதற்கு. பழைய பிரமாணத்தைத் தொடர்ந்து போனால் எங்காவது ஓர் இடத்தில் நிலம் ஒற்றிக்குப் போயிருக்கும். பணம் கொடுத்து மீட்டதற்கு ஒழிமுறி (ஒற்றியை நீக்கும் பத்திரம்) இருக்கிறதா என்று பாருங்கள். அறுபது எழுபது வருஷம் ஆகிவிட்டது, இனி யார் வரப்போகிறார்கள் என்று தரகர்கள் சொல்வார்கள். அப்படி விடமுடியாது. நிலத்தை அனுபவித்து வட்டியைக் கழித்துக்கொள்ளும் ஒற்றியில், ஒற்றி எழுதிய நாளிலிருந்து காலக்கெடு ஓடாது, பணத்தைக் கட்டும்போதுதான் மீட்கும் கணக்கே தொடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. ஒற்றி வாங்கியவரின் பேரன் இன்று உங்களுக்குக் கிரயம் எழுதித் தர, நாளைக்கு ஒற்றி வைத்தவரின் பேத்தி பணத்தோடு நீதிமன்றம் போகலாம். ஒழிமுறி இல்லாத நிலத்தில் இரண்டு தரப்பு வாரிசுகளையும் உட்காரவைத்துப் பேசி முடிக்காமல் எங்கள் வீட்டில் முன்பணம் கொடுப்பதில்லை.

பெண்களின் கையெழுத்து

இந்த மாவட்டத்தில் நிலத் தகராறுக்குக் காரணம் கேட்டால் பத்தில் பாதிக்கு மேல் 'அக்கா கையெழுத்துப் போடவில்லை' என்று வரும் என்பது என் அனுபவம். ஏன் அப்படி என்பதற்குச் சரித்திரம் உண்டு, அது தெரிந்தால்தான் வாரிசுப் பட்டியலைச் சரியாகப் போடமுடியும்.

திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கு 1916ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் இருந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்புச் சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் போய்விட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதாவது மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தீர்ப்பு வந்தது 1986இல் என்றாலும் கணக்கு 1951இலிருந்து. இடைப்பட்ட முப்பத்தைந்து வருஷத்தில் சகோதரர்கள் மட்டும் பாகம் பிரித்து விற்ற நிலங்கள் எத்தனை என்று நினைத்துப்பாருங்கள். அந்தக் காலத்துப் பாகப்பத்திரம் கையில் வந்தால், பெண்மக்கள் யார் யார், அவர்கள் தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்பதுதான் முதல் கேள்வி.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் வேறு கதை. அங்கே ஒரு காலத்தில் மருமக்கள் வழி நடந்தது, சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போகும். பழைய தாவழி (தாய்வழிக் கிளை) பாகங்களில் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்றிருந்தால் குடும்பத்தின் மற்ற கிளைகளையும் விசாரிக்காமல் விடக்கூடாது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்துக்குத் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் மகளுக்குச் சமபங்கு வந்தது. இந்தத் தேதிகளை அலுவலகச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம்.

சரி, நிலம் விற்பவர் வீட்டை இப்படி விசாரிக்கிறவர்கள் தம் வீட்டில் என்ன செய்கிறார்கள்? அதைப் பார்த்தாலே அந்தக் கம்பெனி எத்தனை தலைமுறை போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாட்டா இறந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் தொழிலில் இருந்தார்கள். அத்தைமார் இரண்டு பேரும் கல்யாணமாகி வெளியே. பாட்டிதான் பிடிவாதமாக, "பொம்பளப் பிள்ளைகளுக்கு உள்ளத எண்ணிக் குடுத்திட்டு அப்புறம் கடைய நடத்துங்க" என்று சொல்லிவிட்டார். அப்போது கசந்தது. ஆனால் அத்தைமார் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் இருந்ததால்தான் அப்பா அந்த நிலத்தை ஈடாக வைத்து வங்கிக் கடன் வாங்கி முதல் மனைப்பிரிவு போடமுடிந்தது.

செலவைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். குடும்பத்துக்குள் சொத்தை எழுதிவைக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்தியபின் உள்ள கணக்கு இது. வெளியாளுக்கு விற்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும் போகும். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

வீட்டு நிலம் வேறு, கடை நிலம் வேறு

பாட்டாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. குடியிருக்கும் புரையிடத்தையும் (வீட்டு மனையையும்) அதை ஒட்டிய தென்னந்தோப்பையும் எந்த வியாபாரத்துக்கும் ஈடு வைக்கமாட்டார். நல்ல பேரம் கைநழுவினாலும் சரி. நாங்கள் இதைக் காகிதத்தில் கொண்டுவந்தோம். குடும்பச் சொத்துப் பட்டியல் ஒன்று, கம்பெனிச் சரக்குப் பட்டியல் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிலம் போகவேண்டுமென்றால் கிரயமோ குத்தகையோ முறையாக எழுதியே போகும்.

எந்த வடிவத்தில் தொழிலைப் பதிவது என்று கேட்பார்கள். ஒருவர் பெயரில் நடத்துவது முதல் தலைமுறைக்குச் சரி. அண்ணன் தம்பி சேர்ந்தால் பங்குதாரர் நிறுவனம். அதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்குதாரர் ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய நிறுவனமே கலைந்துவிடும். அதனால் 'இறந்தவரின் பங்கு வாரிசுக்கு, தொழில் தொடரும்' என்ற வரி கட்டாயம் வேண்டும். அதுவும் போதாது. மூன்று பேராவது பங்குதாரராக இருங்கள். இரண்டே பேரில் ஒருவர் போனால் மிஞ்சிய ஒருவரை வைத்து நிறுவனம் என்று சொல்லமுடியாது. இன்னொன்று, பதிவு செய்யாத நிறுவனம் வெளியார் மேல் ஒப்பந்தப்படி வழக்குப் போடமுடியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவனை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாமல் நிற்பீர்கள்.

சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று ஆள் கூடும்போது எல்எல்பி (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) அல்லது பிரைவேட் லிமிடெட்டுக்கு மாறுவது நல்லது. நாங்கள் எல்எல்பி எடுத்தோம். கூட்டம், தீர்மானம் என்று காகித வேலை குறைவு, அதேசமயம் கம்பெனிக் கடன் வீட்டுக் கதவைத் தட்டாது. ஆனால் வங்கி மேலாளர் தனிப்பட்ட ஜாமீன் கேட்டு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது. எல்லா வங்கியும் கேட்கும். எவ்வளவு தொகை வரை, யார் போடுவது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

எந்த வடிவமானாலும் உள்ளே எழுதவேண்டியது சில உண்டு. வேலை பார்க்கிறவருக்குச் சம்பளம். பங்கு வைத்திருக்கிறவருக்கு லாபம். இரண்டையும் கலக்காதீர்கள். துபாயில் இருக்கும் தம்பிக்குப் பங்கு உண்டு, சம்பளம் கிடையாது. தினமும் வெயிலில் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் மச்சானுக்குச் சம்பளம் உண்டு, பங்கு இல்லாமலும் இருக்கலாம். இது எழுத்தில் இல்லையென்றால் கிறிஸ்துமஸ் விருந்தில் சண்டை வரும். பிரிந்து போக நினைப்பவருக்கு என்ன விலை என்பதையும் நல்ல உறவு இருக்கும்போதே எழுதுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பு என்று எழுதினால் போகிறவர் அழுவார், சந்தை விலை என்று எழுதினால் இருக்கிறவர் அழுவார். நாங்கள் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, இரண்டின் சராசரியை மூன்று வருஷத் தவணையில் கொடுப்பதாக எழுதியிருக்கிறோம். தவணை முக்கியம். நிலக் கம்பெனியிடம் நிலம் இருக்கும், பணம் இருக்காது.

எதை வாங்கக்கூடாது

நம் மாவட்டத்தில் வாங்கக்கூடாததைக் கழித்துப் பார்த்தால் வாங்கக்கூடியது கொஞ்சம்தான். வடக்கே மலை, தெற்கே கடல், நடுவே வயலும் குளமும்.

மலைப்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தோவாளை, கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ரப்பர் நிற்கும் பட்டா நிலம் மலிவாக வருகிறது என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அந்தச் சர்வே எண் இருந்தால் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமமா என்றும் பாருங்கள். அப்படியானால் மனை போடவும் கட்டடம் கட்டவும் தனி அனுமதி வேண்டும். விற்பவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. தலைமுறையாக ரப்பர் பால் வெட்டி, நிலவரி கட்டி, பட்டாவும் வைத்திருப்பவருக்குத் தன் நிலம் காட்டுப் பட்டியலில் இருப்பதே தெரியாமல் இருக்கும்.

கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 'கடல் பார்த்த மனை' என்று விளம்பரம் போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று பார்க்காமல் ஆசைப்படாதீர்கள்.

கோயில் நிலம். பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயத்துவாரியாக, அதாவது வைத்திருப்பவரே நேராக அரசுக்கு வரி கட்டும் நிலமாக, மாறின. அந்தச் சட்டத்தின்கீழ் பட்டா கிடைத்ததா என்பதற்கு உத்தரவு நகல் கேளுங்கள். தேவசம் என்னும் கோயில் நிர்வாகத்தின் கீழ் உள்ள கோயில்களின் நிலம் வேறு. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் நடந்த விற்பனை செல்லாது, பதிவு அலுவலகமே திருப்பி அனுப்பும். பழைய பிரமாணத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'தேவசம் வக' என்று பக்கத்து நிலத்தைக் குறித்திருந்தாலும் நான் அளவையரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக்கல் பார்ப்பேன்.

வயலைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. சாலையோர வயலை நிரப்பி மனை போட்டவர்கள் தொண்ணூறுகளில் நன்றாகச் சம்பாதித்தார்கள். அப்பா போகவில்லை. புண்ணியம் பார்த்து இல்லை, தண்ணீர் பார்த்து. "மழையில பாக்காத நெலத்த வாங்காத மக்கா" என்பார். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாசியில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் எல்லாமே அழகாகத் தெரியும். 2021 நவம்பர் வெள்ளத்தில் எந்தெந்த மனைப்பிரிவில் தண்ணீர் நின்றது என்று ஊரில் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறோம், அந்தப் பட்டியல் எந்த விளம்பரத்தையும்விட எங்களுக்கு உபயோகம். இப்போது சட்டமும் இறுக்கமாகிவிட்டது. நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் விலையே கேட்பதில்லை.

மனைப்பிரிவு போடுவது

அப்பா காலத்தில் விளையை வாங்கி, நடுவில் பாதை விட்டு, கல் நட்டு, பத்துப் பத்து சென்டாக விற்றால் முடிந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும் அந்தக் காலம் முடிந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. உங்கள் அப்பா போட்ட பழைய பிரிவில் விற்காத மனை மிஞ்சியிருந்தால் அது இந்த வகையில் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் நகர் ஊரமைப்பு அனுமதி, பிறகு ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, அதன்பிறகுதான் விளம்பரம். வரிசை மாறக்கூடாது. வாட்ஸப்பில் போடும் படமும் விளம்பரம்தான். 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா வரும் என்று கேட்டதும் 'நம்முடையது சின்னத் தொழில்தானே' என்று சித்தப்பா சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டரை சென்ட்கூட இல்லை. நம் ஊரில் ஒரு வீட்டுப் புரையிடமே அதைவிடப் பெரிது. வாங்குபவர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்துக்கே செலவிடவேண்டும். ஒரு பிரிவில் வந்த பணத்தை அடுத்த பிரிவுக்கு நிலம் வாங்கச் சுழற்றுவதுதான் இந்தத் தொழிலின் பழைய ரகசியம், அது இனி ஆகாது. எனவே அடுத்த நிலத்துக்கான பணத்தை லாபத்திலிருந்து சேர்க்கவேண்டும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ஏற்றுக்கொள்ளுங்கள். தரகு மட்டும் பார்க்கிறவர்களும் ரெரா திட்டங்களில் விற்க முகவராகப் பதியவேண்டும்.

திறந்தவெளி ஒதுக்கீடு 3,000 சதுர மீட்டருக்கு மேல் வரும், அதாவது சுமார் 74 சென்ட். 10,000 சதுர மீட்டர் வரை பத்தில் ஒரு பங்கு இடமாகவோ பணமாகவோ கொடுக்கலாம், அதற்கு மேல் இடமாகத்தான். பாதையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கவேண்டும். ஆக நூறு சென்ட் வாங்கினால் நூறு சென்ட் விற்கலாம் என்று எந்தப் பிள்ளையும் கணக்குப் போடக்கூடாது. விலை பேசும் முன்பே வரைபடம் வரைபவரிடம் கொடுத்து எத்தனை சென்ட் விற்கத் தேறும் என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள்

நமக்கு வாடிக்கையாளர்கள் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அங்கே தங்கியிருக்கும் இந்தியர் இங்கே வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 'ரெண்டு ஏக்கர் ரப்பர் விளை பாருங்க' என்று தோஹாவிலிருந்து போன் வந்தால் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது உங்கள் பெயருக்கு நல்லது.

அதிகாரப் பத்திரம் அங்கே எழுதி வந்தால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். எழுதியவர் இறந்தால் அதிகாரம் அன்றோடு போச்சு. அதனால் பதிவன்று காலையில் ஒரு வீடியோ அழைப்புப் போட்டு ஆளைப் பார்ப்பது எங்கள் வழக்கம். முன்பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். 2015 ஜூன் முதல் நிலப் பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகப் போகலாம்.

அடுத்த ஆளைப் பழக்குவது

எம்பிஏ முடித்த பிள்ளையை நேராகக் குளிர்பதன அறையில் உட்காரவைக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் முதல் வருஷம் அளவையரோடுதான். பாட்டாவின் அறுபத்தாறு அடிச் சங்கிலி இன்னும் இருக்கிறது, நூறு கண்ணி. ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட் என்பதைக் கையால் பிடித்து அளந்தவன் மறக்கமாட்டான். இப்போது ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டாலும் ஒருமுறையாவது சங்கிலி பிடிக்க வைக்கிறோம். இரண்டாம் வருஷம் பதிவு அலுவலகமும் தாலுகா அலுவலகமும். வில்லங்கம் இணையத்தில் கிடைக்கும் காலத்துக்கு முந்தியதைக் கையால் தேடும் மனு போட்டு வாங்கிப் பழகட்டும். அதன்பிறகுதான் கணக்கு, வங்கி, வாடிக்கையாளர். பேரம் பேசுவது கடைசியில். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை, பெரியவர் பேசும்போது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வரும்.

பெண்பிள்ளைக்கு இந்தத் தொழில் ஆகுமா என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பவர்கள் இன்றும் உண்டு. விற்பவர் வீட்டு அடுக்களை வரை போய் அக்காமாரிடம் பேசி வர என்னால் முடியும், சித்தப்பா மகனால் முடியாது. எத்தனையோ கையெழுத்து அங்கேதான் முடிவாகியிருக்கிறது.

பெரியவர் எப்போது ஒதுங்குவது என்பதற்கும் தேதி குறியுங்கள். அப்பா எழுபது வயதில் காசோலையில் கையெழுத்திடுவதை நிறுத்தினார், முடிவு எடுப்பதை நிறுத்த இன்னும் சில வருஷம் ஆனது. ஒதுங்கும் நாளில் செய்யவேண்டிய சில்லறை வேலைகள் நிறைய: வங்கியில் கையெழுத்து அதிகாரம் மாற்றுவது, ரெரா தளத்திலும் வருமான வரித் தளத்திலும் பொறுப்பாளர் பெயர் மாற்றுவது, டிஜிட்டல் கையொப்பம் புதிதாக எடுப்பது, லாக்கரில் இரண்டாவது பெயர் சேர்ப்பது. கடைசியாக அந்த செல்போன் எண். எல்லாத் தளத்துக்கும் ஓடிபி அப்பாவின் பழைய எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். அவர் நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்பெனி எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அவர் பெயரில் உள்ள சிம்மை அதன்பிறகும் ஒரு வருஷம் ரீசார்ஜ் செய்து வையுங்கள். மாற்ற மறந்த தளம் ஏதாவது ஒன்று இருக்கும்.